விறகு, கீசர், எரிவாயு, சோலார்: கீழக்கரை வீட்டுக்கு வெந்நீர் எதில் போடுவது?

கேள்வி: கீழக்கரை மகள்

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். கீழக்கரையில் எங்கள் பழைய வீட்டின் பின்கட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். குளியலறைகளுக்குக் குழாய் பதிக்கும் வேலை இன்னும் இரண்டு வாரத்தில் தொடங்கவிருப்பதால், வெந்நீர் எதில் போடுவது என்று அதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.

இதுவரை எங்கள் உம்மாதான் விடிவதற்கு முன்பே எழுந்து, பின்கட்டு அடுப்பில் சீமைக்கருவேல விறகை வைத்து, அண்டா நிறைய வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தார். சுபுஹு எனும் விடியற்காலைத் தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவி ஒளுச் செய்யவும், குளிக்கவும் அது சரியாகப் போதுமானதாக இருந்தது. வாப்பாவுக்கு மூட்டுவலி இருப்பதால் உம்மாவுக்கும் அவருக்கும் வருடம் முழுவதும் வெந்நீர் வேண்டும். எங்கள் நால்வருக்கு வாடைக்காற்று அடிக்கும் கார்த்திகை முதல் மாசி வரை மட்டும் போதும். விறகு எங்கள் கொல்லையிலேயே கிடைப்பதால் காசு செலவில்லை. ஆனால் உம்மாவுக்கு விடாத இருமல் வந்து, புகைக்குப் பக்கத்திலேயே போகக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

துபாயிலிருக்கும் காக்கா (என் அண்ணன்), எரிவாயுவில் ஓடும் கீசர் வாங்கு என்கிறார். கட்டடம் கட்டும் கொத்தனார், மின்சாரக் கீசர்தான் தொல்லை இல்லாதது என்கிறார். பக்கத்து வீட்டில் சோலார் வைத்திருக்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் என் மகளோ, மின்சாரக் கீசர் போட்டால் புகை நம் வீட்டில் வராதே தவிர, தூத்துக்குடியில் நிலக்கரி எரிந்துதானே அந்த மின்சாரம் வரும் என்று கேட்கிறாள். அவள் கேட்பது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. மாதச் செலவு எவ்வளவு, வெளியேறும் கரியமில வாயு எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாராவது உதவுவீர்களா? ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் முறை வைத்துத்தான் வருகிறது.

பதில்: தொண்டி இயற்பியல்

சகோதரிக்கு வணக்கம். நான் முப்பது ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், உங்கள் வீட்டுக்கு எவ்வளவு வெப்பம் தேவை என்பதைக் கணக்கிட்டுக்கொள்வோம். பெரும்பாலானோர் இந்தப் படியைத் தாண்டிவிட்டுக் கடைக்காரர் சொல்லும் லிட்டர் அளவை நம்பி வாங்கிவிடுகிறார்கள்.

நம் கடற்கரையில் தை மாத விடியற்காலையில்கூட வெப்பநிலை 23 அல்லது 24 டிகிரிக்கு வெகுவாகக் கீழே இறங்குவது அரிது. ஆகவே தொட்டித் தண்ணீர் 25 டிகிரி என்றும், குளிக்க இதமான சூடு 40 டிகிரி என்றும் வைத்துக்கொண்டால், நாம் ஏற்ற வேண்டியது 15 டிகிரிதான். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். ஆறு பேருக்கு 100 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 1.75 யூனிட் வெப்பம் ஆகிறது. பெரியவர்கள் இருவருக்கு மட்டும் 30 லிட்டர் என்றால் அரை யூனிட்டுக்குச் சற்று மேல். குளிர்காலம் 120 நாள், மற்றவை 245 நாள் என்று பெருக்கிக் கூட்டினால், ஆண்டு முழுவதற்கும் உங்கள் வீட்டின் தேவை ஏறத்தாழ 340 யூனிட் வெப்பம். எந்தக் கருவியை வாங்கினாலும் இந்த 340 மாறாது. அதைக் கொடுப்பதற்குக் கருவி எவ்வளவு விழுங்குகிறது என்பதுதான் மாறும்.

தொட்டி வைத்த மின்சாரக் கீசரில் வெந்நீர் நிற்கும் நேரத்தில் சூடு கசிவதால் 400 யூனிட் வரை ஓடும். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குச் சற்று மேல் கரியமில வாயு வெளியேறுகிறது என்று மத்திய மின்சார ஆணையம் கணக்கிட்டு வெளியிடுகிறது. அதன்படி ஆண்டுக்குச் சுமார் 290 கிலோ. உங்கள் மகள் கேட்டதற்கு விடை இதுதான்: புகை மறைவதில்லை, இடம் மாறுகிறது.

எரிவாயுக் கீசர் வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்கைத் தண்ணீருக்குக் கொடுக்கிறது என்று கொண்டால், ஆண்டுக்கு 33 கிலோ எரிவாயு, அதாவது 14.2 கிலோ சிலிண்டர் இரண்டே கால் தேவைப்படும். ஒரு கிலோ எரிந்தால் 3 கிலோ கரியமில வாயு என்பதால் மொத்தம் 100 கிலோ அளவுதான். மின்சாரக் கீசரில் மூன்றில் ஒரு பங்கு! நிலக்கரியை எரித்து, நீராவியாக்கி, மின்சாரமாக்கி, கம்பி வழியே கொண்டுவந்து, மறுபடியும் அதை வெப்பமாக்கும்போது, நிலக்கரியில் இருந்த வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு வழியிலேயே போய்விடுகிறது. எரிவாயுவுக்கு அந்தச் சுற்று இல்லை. சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுச் செலவு 2,100 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

ஆனாலும் உங்கள் காக்காவிடம் ஒன்றை அழுத்தமாகச் சொல்லுங்கள். எரிவாயுக் கீசரைக் குளியலறைக்குள் மாட்டவே கூடாது. மூடிய சிறு அறையில் பிராணவாயு குறைந்து எரியும்போது கார்பன் மோனாக்சைடு உருவாகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. குளிக்கப் போனவர் மயங்கி விழுந்து இறந்துபோன செய்திகளை நாம் ஒவ்வொரு குளிர்காலத்திலும் படிக்கிறோம். வைப்பதென்றால் வெளிச்சுவரில், காற்றோட்டமான இடத்தில், மழைச்சாரல் படாத மறைப்புக்குள் வைத்து, வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவர வேண்டும்.

விறகைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். திறந்த அடுப்பில் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் அண்டாவுக்குப் போகிறது. ஆண்டுக்கு 600 கிலோ விறகாவது எரிந்திருக்கும். சீமைக்கருவேலம் வெட்ட வெட்டத் தழைக்கும் மரம் என்பதால், வெளியான கரியமில வாயுவை அடுத்த தழைப்பு திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது என்று காகிதத்தில் கழித்துவிடலாம். உங்கள் உம்மாவின் நெஞ்சுக்குள் போன கரித்துகளை எந்தக் கணக்கிலும் கழிக்க முடியாது. ஆகவே விறகைப் போட்டியிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

பதில்: பாம்பன் விடுதி

அக்கா, ஆசிரியர் ஐயா சொன்ன கணக்கில் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அதில் உப்பு சேரவில்லை. நான் பாம்பனில் நான்கு அறைகளை ராமேஸ்வரத்துக்கு வரும் யாத்ரீகர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். கடற்காற்றும் உவர்நீரும் சேர்ந்து கருவிகளை என்ன செய்யும் என்பதைப் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டவன்.

முதலில் நான் வாங்கியது மூன்று மின்சாரக் கீசர்கள். இரண்டு மழைக்காலம் முடிவதற்குள் ஒன்றின் உள்தொட்டி ஓட்டை விழுந்தது, இன்னொன்றில் சூடாக்கும் கம்பி மேல் விரல் தடிமனுக்கு வெள்ளை உப்பு படிந்து, தண்ணீர் சூடாக இரட்டிப்பு நேரம் பிடித்தது. விற்ற கடையில் கேட்டபோது, உப்புத் தண்ணீருக்கு உத்தரவாதம் கிடையாது என்று அட்டையின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததைக் காட்டினார்கள். அந்தக் கீசர்களின் உள்ளே மெக்னீசியக் கம்பி ஒன்று இருக்கிறது. தொட்டியை அரிக்க வேண்டிய உப்பு முதலில் அதை அரிக்கட்டும் என்று பலிகொடுப்பதற்காகவே வைப்பது. அதை ஆண்டுக்கு ஒரு முறை கழற்றிப் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது ஒவ்வொரு ஆடி மாதமும் நானே ஸ்பானரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

பிறகு சோலாருக்கு மாறினேன். சோலாரில் இரண்டு வகை உண்டு. செப்புக் குழாய்கள் பதித்த தட்டை வகையில் உவர்நீர் நேரே ஓடினால் குழாய்க்குள் உப்புக் கட்டி அடைத்துவிடும். சுத்தம் செய்வது பெரும்பாடு. கண்ணாடிக் குழல் வகையில் குழலைக் கழற்றி, அடியில் தங்கிய உப்பைக் கொட்டிவிட்டு மறுபடி மாட்டலாம். ஒரு குழல் உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். நம் தண்ணீருக்கு அதுவே ஏற்றது என்பது என் அனுபவம். தொட்டி எந்த உலோகம் என்றும், தாங்கும் சட்டம் எதில் செய்தது என்றும் கேட்டு வாங்குங்கள். வெறும் வண்ணம் பூசிய இரும்புச் சட்டம் இங்கே மூன்று வருடம் தாங்காது. புயல் காலத்தைக் கருதி, சட்டத்தின் கால்களைத் தளத்தின் கான்கிரீட்டோடு போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். செங்கல் அடுக்கி நிறுத்திய ஒன்று 2018 கஜா புயலின் காற்றில் எங்கள் தெருவில் பறந்து விழுந்தது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது தண்ணீர். நான் மாடியில் விழும் மழைநீரைத் தனித் தொட்டியில் சேர்த்து, வெந்நீர்க் கருவிக்கு மட்டும் அதைக் கொடுக்கிறேன். அது தீர்ந்த பிறகுதான் மற்றத் தண்ணீர். ஐப்பசியும் கார்த்திகையும் நமக்கு மழை கொட்டும் மாதங்கள், வெந்நீர் தேவைப்படும் மாதங்களும் அதை ஒட்டியே வருகின்றன. குழாய் பதிக்கும்போதே இந்தத் தனி இணைப்பைப் போட்டுவிட்டால் பின்னால் சுவரை உடைக்க வேண்டியிராது.

பதில்: தேவிபட்டினத்தான், லெஸ்டர்

லாத்தா, நான் பிறந்தது தேவிபட்டினம், இருப்பது இங்கிலாந்தின் லெஸ்டரில். இங்கே இந்தக் கேள்வி ஊரையே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது என்பதால், எங்கள் கணக்கையும் பகிர்ந்துகொள்கிறேன். உங்களிடம் யாராவது ஹீட் பம்ப் வாங்கச் சொன்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

இங்கே வெந்நீர் மட்டுமல்லாமல் வீட்டையே மாதக்கணக்கில் சூடாக்க வேண்டும். ஒரு சராசரி வீடு ஆண்டுக்கு 11,500 யூனிட் எரிவாயு செலவழிக்கும் என்பது இங்குள்ள எரிசக்திக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்ஜெம் 2023-இல் வைத்த அளவு. உங்கள் 340-ஐப் போல முப்பது மடங்குக்கும் மேல். எரிவாயு யூனிட்டுக்கு 0.18 கிலோ என்பதால் வெளியேறுவது 2,100 கிலோ அளவு. ஹீட் பம்ப் என்பது குளிர்பெட்டியைத் திருப்பி வைத்ததுபோல வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இறைத்துத் தருவது. எரிவாயுவின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு வீணாவதாகக் கொண்டால் வீட்டுக்கு உண்மையில் கிடைப்பது 10,350 யூனிட்; ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் ஹீட் பம்ப் மூன்று யூனிட் வெப்பம் தருவதாக வைத்தால், அதே வீட்டுக்கு 3,450 யூனிட் மின்சாரம் போதும். இந்த நாட்டின் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை 2024 செப்டம்பர் 30 அன்று மூடிவிட்டார்கள். இப்போது மின்சாரம் யூனிட்டுக்கு 0.2 கிலோ அல்லது அதற்கும் கீழ். ஆகவே 700 கிலோவுக்குள் முடிகிறது. மூன்றில் ஒரு பங்கு.

ஆனால் மின்சாரத்தின் விலை எரிவாயுவைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. எரிவாயு 6 பென்ஸ், மின்சாரம் 25 பென்ஸ் என்று வைத்தால், எரிவாயுக்கு 690 பவுண்டு, ஹீட் பம்புக்கு 860 பவுண்டு. கரியமில வாயு குறைகிறது, செலவு கூடுகிறது. நன்றாக நிறுவி, ஒன்றுக்கு நான்கு என்று வெப்பம் கிடைத்தால் மட்டுமே செலவும் 650 பவுண்டுக்கு இறங்குகிறது. 7,500 பவுண்டு அரசு மானியம் இருந்தும் என் பக்கத்து வீட்டார்கள் தயங்குவதற்கு இதுதான் காரணம்.

நம் ஊரில் ஹீட் பம்ப் இதைவிட நன்றாகவே வேலை செய்யும், ஏனென்றால் காற்றே சூடாக இருக்கிறது. ஆசிரியர் ஐயாவின் கணக்கில் போட்டால் 115 யூனிட்டில், 80 கிலோவில் முடிந்துவிடும். ஆனால் 340 யூனிட் வெப்பத்துக்காக அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெட்டியின் அலுமினியத் தகடுகளைக் கடற்காற்று அரித்துத் தின்னும் என்று நினைத்தால், எனக்கு மனம் ஒப்பவில்லை. விடுதி, மருத்துவமனை போன்ற இடங்களுக்குப் பொருந்தலாம்.

பதில்: ராமநாதபுரம் மின்பணி

சகோதரி, நான் வீட்டு மின்பணி செய்பவன். கட்டணம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நமக்கு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்பதும், முதல் 100 யூனிட் இலவசம் என்பதும் தெரிந்ததே. 2024 ஜூலையில் மாறிய கட்டணப்படி, 400 யூனிட் வரை 4.80 ரூபாய் என்ற படியில் நிற்பவருக்கு ஆசிரியர் சொன்ன 400 யூனிட்டுக்கு ஆண்டுச் செலவு 1,920 ரூபாய். ஆனால் ஏசி ஓடும் வீடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் அடுத்த யூனிட்டின் விலை 8.55, அதற்கும் மேலே 9.65. அப்போது அதே கீசருக்கு 3,400 ரூபாய்க்கு மேல் ஆகும்; கீழ்ப்படிகளில் கிடைத்த சலுகையும் குறையும். கீசர் குளிர்கால இரண்டு மாதத்தில் மட்டும் 125 யூனிட்டைக் கூட்டும் என்பதால், உங்கள் பழைய ரசீதுகளை எடுத்து மார்கழி, தை மாதங்களில் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்.

கூரையில் சூரிய மின்தகடு போடும் எண்ணம் இருந்தால், 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஒரு கிலோவாட் நம் வெயிலில் நாளுக்கு 4 யூனிட் அளவு தரும். அப்படிப் போடுபவர்கள் கீசரை விடியற்காலையில் போடாமல் நண்பகலில் ஓட்டி, நன்றாக உறை போட்ட தொட்டியில் சூட்டைச் சேமித்து வைக்க வேண்டும். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் நம் மாவட்டத்திலேயே இருந்தாலும், சுபுஹு நேரத்தில் அது உறங்கிக்கொண்டுதான் இருக்கும். அந்த நேரத்துச் சுமையின் பெரும்பகுதியை அனல் மின்சாரம்தான் தாங்குகிறது.

வெந்நீருக்காக மட்டும் மின்தகடு போடுவது தேவையற்றது. அதற்கு நேரடியாகச் சூரிய வெந்நீர்க் கருவியே எளிது. 100 லிட்டர் கருவியை வைத்து, மேகமூட்டமான நாட்களுக்கு உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் ஒரு மின்கம்பியும் வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 60 யூனிட் செலவானாலே அதிகம். 300 ரூபாயும் 45 கிலோ கரியமில வாயுவும்தான் கணக்கு. ஒரு குறிப்பு: அந்த மின்கம்பியைத் தானாக இயங்கும்படி விடாதீர்கள். விட்டால் வெயில் நாளிலும் விடியற்காலை அதுவே சூடாக்கி, பகலில் சூரியனுக்கு வேலை இல்லாமல் செய்துவிடும். தனிச் சுவிட்சும், எர்த்தும், கசிவு மின்துண்டிப்பானும் கட்டாயம்.

குழாயைப் பொறுத்தவரை, வெந்நீருக்குச் சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் போடுங்கள். முக்கால் அங்குலக் குழாய் 12 மீட்டர் ஓடினால் அதற்குள் ஏறத்தாழ மூன்று லிட்டர் நிற்கும். ஒவ்வொரு முறையும் ஆறிய அந்த மூன்று லிட்டரைத் திறந்து கொட்டிய பிறகுதான் சூடு வரும். ஆகவே கருவியைக் குளியலறைகளுக்கு நேர் மேலே வைக்கச் சொல்லுங்கள்.

பதில்: தொண்டி இயற்பியல்

மின்பணித் தம்பி நண்பகல் என்று சொன்னதும் எனக்கு ஒன்று தோன்றியது. உங்கள் மேல்நிலைத் தொட்டி கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால், 100 டிகிரி வரை காட்டும் ஆய்வக வெப்பமானி ஒன்றை வாங்கி, காலை ஐந்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் தொட்டித் தண்ணீரை அளந்து எழுதுங்கள். எத்தனை லிட்டர் கருவி என்பதை அதன் பிறகு தீர்மானிப்போம்.

மறுமொழி: கீழக்கரை மகள்

அல்ஹம்துலில்லாஹ், எல்லோருக்கும் நன்றி. ஐந்து நாட்கள் அளந்தோம். காலையில் 25 டிகிரி, ஐயா சொன்னது சரி. மாலை நான்கு மணிக்கு 32, 33 டிகிரி காட்டியது. மழை பெய்த ஒரு நாள் மட்டும் 28. மகள் கணக்குப் போட்டுப் பார்த்து, மாலையில் குளித்தால் 15 டிகிரிக்குப் பதில் 7 டிகிரி சூடாக்கினாலே போதும், பாதிக்கும் குறைவு என்றாள். இதை வாப்பாவிடம் சொன்னபோது, மூட்டுக்கும் அதுதான் நல்லது, இனி மாலைத் தொழுகையான அசருக்கு முன்னால் குளித்துக்கொள்கிறேன் என்று அவரே சொல்லிவிட்டார். உம்மா ஒப்புக்கொள்ள இரண்டு நாள் ஆனது. விடியலில் குளித்துப் பழகிய உடம்பு.

100 லிட்டர் கண்ணாடிக் குழல் சோலார் என்று முடிவு செய்துவிட்டோம். பாம்பன் தம்பி சொன்னபடி மழைநீர்த் தொட்டியிலிருந்து தனி இணைப்பும், மழைநீர் தீர்ந்தால் காவிரித் தண்ணீரைத் திருப்ப ஒரு வால்வும் போடுகிறோம். கருவி இரண்டு குளியலறைகளுக்கும் நேர் மேலே வருகிறது. எங்கள் ரசீதில் சென்ற தை மாதக் கணக்கு 460 யூனிட் என்றிருந்ததால், மின்சாரக் கீசர் போட்டிருந்தால் 500-ஐத் தாண்டியிருப்போம் என்பதும் தெரிந்தது. காக்காவிடம் எரிவாயுக் கீசரின் ஆபத்தை எடுத்துச் சொன்னேன். அவர் தங்கியிருக்கும் இடத்தில் அப்படி ஒன்று குளியலறைக்குள்ளேயே இருக்கிறதாம், அதை வெளியே மாற்றச் சொல்லப் போகிறார்.

இன்னும் ஒன்றே ஒன்று மீதி. சுபுஹு ஒளுவுக்கான தண்ணீரை இரவே சோலாரிலிருந்து பிடித்து, பெரிய பிளாஸ்க்கில் இரண்டு லிட்டர் வைத்துப் பார்த்தோம் என்று சொல்ல ஆசை, ஆனால் கருவி இன்னும் வரவில்லை. இப்போதைக்கு அடுப்பில் காய்ச்சிய தண்ணீரை இரவு பத்து மணிக்கு பிளாஸ்க்கில் ஊற்றி வைத்தேன். காலை ஐந்து மணிக்கு வெப்பமானியை விட்டுப் பார்த்தபோது 61 டிகிரி இருந்தது. உம்மா அதில் பச்சைத் தண்ணீரைக் கலந்து ஒளுச் செய்தார். பின்கட்டு அடுப்பை அன்று மூட்டவில்லை.